தன்பாலீர்ப்பாளர், கல்யாணமானவர், பைக் ஓட்டுபவர்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ரைடிங் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள், என் கணவரோடு வேலை செய்கிறவர்கள், பெட்ரோல் போடும் இடத்தில் வண்டியைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்கிறவர்கள் என்று பலரும் கேட்பவை இவை. சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், சிலர் பட்டென்று கேட்பார்கள். இரண்டு வகையினருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் யார்?

லிஃப்ட் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். என் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். நான் வேலைக்குப் போவது பைக்கில், ஊர் சுற்றப் போவதும் பைக்கில்.

உங்கள் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏதோ வித்தியாசமான பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று தோன்றும். காலையில் அவர் முதலில் எழுந்து சமையலைத் தொடங்குவார். நான் கீழே போய் வண்டியைப் பார்ப்பேன். டயரில் காற்று, செயினின் தொய்வு, பிரேக் லைட் எரிகிறதா, எண்ணெய்க் கசிவு உண்டா, அவ்வளவுதான். பெட்டியில் டூல்ஸ், மழைக்கோட்டு. அவர் பஸ்ஸில் போவார், நான் பைக்கில் போவேன். போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு வார்த்தை மெசேஜ்: 'வந்தாச்சு'. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய பழக்கம், இன்றுவரை விட்டதில்லை.

சாயங்காலம் துணி மடிப்பது, பரீட்சைப் பேப்பர் திருத்துவது, கரண்ட் பில், யார் அம்மாவுக்கு யார் போன் செய்வது என்ற சின்னச் சண்டை. லீவு நாள் காலையில் நான் செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுவேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே செயினின் உள்பக்கத்தில் எண்ணெய் விட வேண்டும். இன்ஜின் ஓடும்போது செயினருகே துணியைக் கொண்டுபோனால் விரல் போய்விடும். அதைப் பற்றி ஒருமுறை படித்துவிட்டு, நான் எண்ணெய் போடும்போதெல்லாம் வண்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் திருத்துகிறார் என் கணவர். எங்கள் குடும்ப வாழ்க்கை எப்படி என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான்.

அவரும் வண்டி ஓட்டுவாரா?

மாட்டார். ஓட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசையும் இல்லை, நான் வற்புறுத்துவதும் இல்லை. ஆனால் பின் இருக்கையில் அவரைப் போல் உட்காருகிறவர் கிடைப்பது அரிது.

பின்னால் உட்காருவதும் ஒரு திறமைதான். புதிதாக உட்காருகிறவர் வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வார், வண்டி நினைத்த கோட்டில் போகாது. வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகப் பார்த்தால் போதும், உடம்பு தானாகச் சரியாக அமையும். சிக்னலில் நின்றாலும் காலைக் கீழே ஊன்றக் கூடாது. ஓட்டுபவர் தலையசைத்த பிறகுதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். எங்களுக்குள் தட்டுப் பாஷை ஒன்று உண்டு. தொடையில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை. இரண்டு தட்டு என்றால் நிறுத்து, கால் மரத்துவிட்டது. தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் அங்கே பார், அழகாக இருக்கிறது. புளூடூத் இன்டர்காம் வாங்கியும் இந்தத் தட்டுகளை நாங்கள் விடவில்லை.

ஓட்டுபவர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஆள் கூடினால் பின்டயருக்கு எவ்வளவு காற்று, பின் சஸ்பென்ஷனை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். பின்பாரம் கூடும்போது முன்லைட் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்கிவிட வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க கூடுதல் தூரம் ஆகும். ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் பின்னால் இருப்பவருக்கும் அதே தரத்தில் வேண்டும். தனக்கு மட்டும் நல்ல ஹெல்மெட் வாங்கிக்கொண்டு, துணைக்குப் பழைய ஹெல்மெட்டைக் கொடுக்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

இரண்டு ஆண்கள் ஒரே வண்டியில் ஒட்டி உட்கார்ந்து போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்களா?

பல இடங்களில் இரண்டு ஆண்கள் ஒரே பைக்கில் போவதைவிடச் சாதாரணமான காட்சி கிடையாது. நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, 'இவர் என் கணவர்' என்று சொன்ன பிறகுதான் சிலருடைய முகம் மாறும்.

அவருக்குப் பயம் இல்லையா?

உண்டு. அதை மறைக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. பைக் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, அந்தப் பயத்தோடுதான் வாழ்கிறார்கள். 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்வது ஆறுதல் இல்லை, அவருடைய கவலையைத் தட்டிக் கழிப்பது.

அதனால் நாங்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதில்லை. குடித்துவிட்டு ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தனியாகத் தூரம் போனால் போகும் வழியைச் சொல்லிவிட்டுத்தான் போவேன், இருட்டுவதற்குள் தங்கும் இடம் சேர்ந்துவிடுவேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் ஏறக்குறைய 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரிலேயே போய் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. பைக்கோடு இன்னொரு வாகனம் மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், வழிவிட வேண்டிய அந்த வாகனம் வழிவிடவில்லை என்று அதில் சொன்னார்கள். பைக் கண்ணில் படவே இல்லை என்பதுதான் அடிக்கடி நடந்தது. அதைப் படித்துக் காட்டியபோது என் கணவர் நேராகப் போய், தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் மஞ்சள் மேலங்கி ஒன்று வாங்கி வந்தார். பார்க்க அழகாக இருக்காது. தினமும் போட்டுக்கொள்கிறேன்.

கல்யாணம் செய்துகொண்டதில் ரைடராக உங்களுக்கு என்ன மாறியது?

விபத்து நடந்தால் யாருக்குப் போன் போகும் என்பது மாறியது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு ஜோடி, இருவரும் ஆண்கள். வெகுநாள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், கல்யாணம் ஆகவில்லை. ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் 'நீங்கள் அவருக்கு என்ன உறவு?' என்று கேட்டார்கள். 'நண்பர்' என்று எழுதிக்கொண்டார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே கையெழுத்துப் போட, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத அக்காவைக் கூப்பிட்டார்கள். அந்த அக்கா நல்லவிதமாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பியின் துணைவரை உள்ளே அனுப்பினார். அவர் வராமல் இருந்திருந்தால்? இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ரைடு போகிறவர்களுக்கு இது என்றோ எங்கோ நடக்கும் விஷயம் இல்லை. அதனால் ஆண், பெண், திருநங்கை, திருநம்பி, கல்யாணமானவர், ஆகாதவர் என்று பார்க்காமல் எங்கள் குழுவில் எல்லோரையும் இதைச் செய்ய வைக்கிறோம்:

ஜாக்கெட்டின் உள்பையில் நனையாத அட்டை ஒன்று. அதில் பெயர், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேரின் எண்கள். போனைப் பூட்டியிருந்தாலும் திரையில் தெரிகிற அவசரத் தகவலிலும் அதே விவரங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் உறவு என்னவென்று வெளிப்படையாக எழுத வேண்டும், 'கணவர்' என்றால் 'கணவர்'.

சட்டம் உங்கள் கல்யாணத்தை ஏற்காத இடத்தில் வாழ்ந்தால் இந்த அட்டை மட்டும் போதாது. உங்களால் பேச முடியாத நிலையில் மருத்துவ முடிவை யார் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்ட பத்திரம், உயில், இன்சூரன்ஸிலும் வங்கிக் கணக்கிலும் நாமினி பெயர் எல்லாம் வேண்டும். எந்தப் பத்திரம் எங்கே செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை அந்த ஊர் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். கல்யாணம் ஆனவர்களும் இதைச் செய்து வைப்பது நல்லது. நாங்கள் வைத்திருக்கிறோம். பத்திரத்தின் நகல் வண்டிக் காகிதங்களோடு இருக்கிறது, இன்னொரு நகல் என் தங்கையிடம் இருக்கிறது.

எல்லை தாண்டிப் பயணம் போகும்போது?

ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்கு உலகத்திலேயே முதலில் சட்டப்படி வழிசெய்தது நெதர்லாந்து, 2001 ஏப்ரல் 1 அன்று. ஆசியாவில் முதலில் தைவான், 2019-ல். தாய்லாந்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அடுத்த சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் நாங்கள் சட்டத்தின் கண்ணில் வெறும் சிநேகிதர்களாக இருக்கலாம், சில நாடுகளில் குற்றவாளிகளாகவும் இருக்கலாம். வரைபடத்தில் வழி போடும்போது நல்ல ரோடு, பெட்ரோல் கிடைக்கும் தூரம் ஆகியவற்றோடு இதையும் பார்க்கிறோம். மலைப்பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் சில இடங்களை விட்டுவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

உங்கள் ரைடிங் குழுவில் எல்லோருக்கும் தெரியுமா? எப்படிச் சொன்னீர்கள்?

தெரியும். தனியாக அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. சாப்பிட நிறுத்திய இடத்தில் ஒருவர் 'வீட்டில் கோபித்துக்கொள்ள மாட்டார்களா, இவ்வளவு நேரம் வெளியே இருந்தால்?' என்று கேட்டார். 'என் கணவர் இன்றைக்குப் பேப்பர் திருத்துகிறார், நான் இல்லாததே அவருக்கு நிம்மதி' என்றேன். ஒரு நொடி மௌனம். அப்புறம் வயதில் மூத்த ஒருவர், 'எந்த வகுப்புக்குத் தம்பி பாடம் எடுக்கிறார்?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் மேசையே இளகிவிட்டது. அவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அவருக்கே தெரியாது.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. ஒருவர் அதன்பிறகு என் பக்கத்தில் வண்டி நிறுத்துவதையே தவிர்த்தார். வேறொருவர் நகைச்சுவை என்ற பெயரில் தொடர்ந்து குத்திக்கொண்டே இருந்தார். குழுவை நடத்துகிறவர் அவரிடம் தனியாகப் பேசி, நிறுத்தச் சொன்னார். அவர் நிறுத்தவில்லை, அடுத்த ரைடிலிருந்து அவரைக் கூப்பிடவில்லை. நான் வாய் திறப்பதற்கு முன்பே அது நடந்தது, அதுதான் எனக்குப் பெரிது.

நீங்கள் சொல்ல வேண்டுமா என்று கேட்டால், அது உங்கள் விருப்பம். வேலை, வீடு, பாதுகாப்பு எல்லாவற்றையும் யோசித்து முடிவெடுங்கள். குழுவில் ஒரே ஒருவருக்காவது உங்கள் அவசர எண் யாருடையது என்று உண்மையாகத் தெரிந்திருந்தால் போதும். மற்றதெல்லாம் மெதுவாக ஆகட்டும்.

தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று தனி பைக் குழுக்கள் எதற்கு?

ஒரு காலத்தில் வேறு எங்கும் நிம்மதியாக உட்கார இடம் இல்லாததால். லாஸ் ஏஞ்சல்ஸில் 1954-ல் தன்பாலீர்ப்பு ஆண்கள் சிலர் சேர்ந்து 'சாட்டியர்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் கிளப்பைத் தொடங்கினார்கள். ஒரே மதுக்கூடத்தில் கூடினாலே போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போன காலம் அது. பைக்கில் ஏறி ஊருக்கு வெளியே போய், காட்டில் கூடாரம் போட்டால் யாரும் தேடி வர மாட்டார்கள். அவர்களுக்கு வண்டி பொழுதுபோக்கு மட்டும் இல்லை, கூடிப் பேச ஓர் இடமும் அதுவே கொடுத்தது. அந்த கிளப் பல பத்தாண்டுகள் தாண்டியும் நிலைத்தது.

நான் இரண்டு வகைக் குழுக்களிலும் இருக்கிறேன். பொதுக் குழுவில் வண்டியைப் பற்றிப் பேசுவோம். தன்பாலீர்ப்பாளர் குழுவில் வண்டியைப் பற்றியும் பேசுவோம், பெற்றோர் பேசாமல் போனதைப் பற்றியும் பேசுவோம், யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று இருந்தால் இன்னொன்று எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, இரண்டுமே எனக்கு வேண்டியிருக்கிறது என்பதுதான் பதில்.

தன்பாலீர்ப்பாளர்களின் வானவில் பேரணிகளில் பைக்குகள் ஏன் முதலில் போகின்றன?

1976-ல் சான்பிரான்சிஸ்கோ பேரணியில் பைக் ஓட்டும் லெஸ்பியன் பெண்கள் சிறு கூட்டமாகச் சேர்ந்து முன்னால் போனார்கள். 'டைக்ஸ் ஆன் பைக்ஸ்' என்ற அமைப்பு அதிலிருந்து வந்தது. அவர்களை முன்னால் விட்டதற்குக் காரணம் மரியாதை மட்டும் இல்லை, இன்ஜினும்தான். நடக்கிறவர்களின் வேகத்தில் பைக்கை ஓட்டிப் பார்த்தால் தெரியும்: காற்றில் குளிரும் இன்ஜின் காற்று கிடைக்காமல் கொதிக்கும், கிளட்சைப் பாதியிலேயே பிடித்திருப்பதால் பிளேட் தேயும், இடது மணிக்கட்டு கழன்றுவிடும் போல வலிக்கும்.

பேரணியில் ஓட்டப் போகிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்வது: முன்னால் போகிற வண்டியோடு ஒட்டிக்கொண்டு ஊராதீர்கள். இடைவெளி விழட்டும், நியூட்ரலில் காலூன்றி நில்லுங்கள், பிறகு ஒரே இழுப்பில் போய்ச் சேருங்கள். மெதுவாகப் போகும்போது பின்பிரேக்கை மட்டும் தொடுங்கள். குழந்தைகள் ஓடி வந்து கை நீட்டுவார்கள், வண்டி நின்ற பிறகுதான் கை கொடுக்க வேண்டும். சூடான சைலன்ஸர் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே நடக்கட்டும். எங்கள் வரிசையில் என் கணவர் அந்த வேலையைச் செய்கிறார், வாத்தியார் குரலில்.

பொதுச் சேவை ஏதாவது செய்கிறீர்களா?

நிறைய. எனக்குப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 'பிளட் பைக்' தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இரவு நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு ரத்தம், பரிசோதனை மாதிரிகள், குறைமாதக் குழந்தைகளுக்கான தாய்ப்பால் ஆகியவற்றைச் சம்பளம் வாங்காமல் பைக்கில் கொண்டுபோகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் குழுவும் சிறிய அளவில், நடக்க முடியாத முதியவர்களுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது. மழை நாளில் கதவைத் தட்டினால் திறக்கிறவர் முதலில் தேடுவது மருந்துப் பையைத்தான், கொண்டுவந்தவன் யாரைக் கட்டியிருக்கிறான் என்பதை இல்லை. எங்களிடம் அடிக்கடி மருந்து வாங்கும் பாட்டி ஒருவர், மழை விடும்வரை என்னை விடவே மாட்டார்.

ரத்தம் என்றதும் இன்னொன்று. ஆணோடு உறவுகொள்ளும் ஆண் என்ற ஒரே காரணத்துக்காக எங்களைப் பல நாடுகள் ரத்த தானத்திலிருந்து ஒதுக்கி வைத்தன. பிரிட்டன் 2021-லும், கனடா 2022-லும், அமெரிக்கா 2023-லும் அந்த ஒட்டுமொத்த விலக்கை எடுத்துவிட்டு, கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு முடிவுசெய்யும் முறைக்கு மாறின. இன்னும் பல இடங்களில் தடை அப்படியே இருக்கிறது. கொடுக்க முடியாத இடத்தில் ரத்த தான முகாமுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாம், நாற்காலி போடலாம். எங்கள் நண்பர்கள் செய்கிறார்கள். விதி மாற வேண்டும் என்று அங்கேயே நின்று பேசவும் செய்கிறார்கள்.

அப்புறம் புதியவர்களுக்கு வண்டி பழக்குவது, காலி மைதானத்தில் அவசர பிரேக் பயிற்சி, நிதி திரட்டும் ரைடுகள். ஆண்களின் உடல்நலத்துக்காக நல்ல உடை உடுத்திப் பழைய பாணி வண்டிகளில் போகும் 'டிஸ்டிங்குஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு' 2012-ல் சிட்னியில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் போனதில் எடுத்த படம்தான் மாமியார் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

எந்த பைக் நல்லது?

இரண்டு காலும் தரையில் உறுதியாக ஊன்றி, விழுந்தால் நீங்களே தூக்கி நிறுத்த முடிகிற வண்டி.

குழந்தை?

பேசிக்கொண்டிருக்கிறோம். அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

எனக்கு வயது இருபதுக்குள். நானும் தன்பாலீர்ப்பாளன். வீட்டில் தெரியாது. பைக் வாங்கிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்று இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

உன் வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது, தம்பி. உரிமையோடு ஒருமையில் பேசுகிறேன். மனம் கொதிக்கும்போது வண்டியை எடுக்காதே. கோபத்திலும் அழுகையிலும் ஓட்டுகிறவன் கண்ணாடியைப் பார்க்க மாட்டான், வளைவில் வேகத்தைக் குறைக்க மாட்டான். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் பேசு. அக்காவோ, நண்பனோ, பயிற்சி பெற்ற ஆலோசகரோ, யாராவது ஒருவர். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே உன் ஊரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழை, அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போ, தனியாக இருக்காதே.

வண்டி ஆசை நல்ல ஆசைதான். லைசென்ஸ் எடு, முறையாகப் பழகு, சம்பாதி, முதலில் ஹெல்மெட், பிறகு வண்டி. வீட்டை விட்டு ஓடுவதற்காக இல்லாமல், போய்வருவதற்காக வாங்கு. எங்கள் குழுவில் உன் வயதில் தயங்கித் தயங்கி வந்து நின்றவர்கள் இன்று முன்னால் போய் வழிகாட்டுகிறார்கள்.

நான் தன்பாலீர்ப்பாளன் இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். எப்படிப் பழகுவது?

அவருடைய துணை எப்படி இருக்கிறார் என்று மற்றவர்களைக் கேட்பது போலவே கேளுங்கள். குடும்பத்தோடு கூடும் நாளில் அவரையும் ஜோடியாகக் கூப்பிடுங்கள். அவர் உங்களிடம் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் சொல்லாதீர்கள். அவர் இல்லாத நேரத்தில் யாராவது கேலி பேசினால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள், அவர் இருக்கும்போது காட்டும் அன்பைவிட அது பெரிது.

உங்களோடு ரைடு வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

வரலாம், யாராக இருந்தாலும். டேங்க் நிரம்பியிருக்கட்டும். ஒரு வரிசைக்கு ஐந்து முதல் ஏழு வண்டிக்கு மேல் விடுவதில்லை, அதிகமானால் இரண்டாகப் பிரிந்து போவோம். ஒருவர் இடது பக்கம், அடுத்தவர் வலது பக்கம் என்று மாறி மாறிப் போவோம்: நேர் முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு வினாடி இடைவெளி, பக்கவாட்டில் முன்னால் போகிறவருக்கு ஒரு வினாடி. வளைவான ரோட்டில் அந்த அமைப்பைக் கலைத்து ஒருவர்பின் ஒருவராகப் போவோம். யாரையும் முந்த வேண்டாம், கடைசி வண்டி ஓட்டுபவர் அனுபவசாலி, யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வார். மழைக்கோட்டு, தண்ணீர், உள்பை அட்டை. துணையைக் கூட்டிவருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று என் கணவர்தான் கணக்கு வைத்திருக்கிறார்.